வாத்துக் காலில் ஜவ்வு வந்தது புது மரபணுவால் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் உயிரினங்களின் பல்வகைமை பற்றி வந்த கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டினோம். தமிழில் இப்படிப்பட்ட கட்டுரைகள் இன்னும் நிறைய வர வேண்டும். ஆனால் அதில் இரண்டு கருத்துகள் தவறாகப் பதிவாகிவிட்டன. ஒவ்வொரு புது உறுப்புக்கும் ஒரு புது மரபணு தோன்றியாக வேண்டும் என்பது ஒன்று. மனிதக் கரு கருப்பைக்குள் மீனாகவும் பல்லியாகவும் உருமாறி வருகிறது என்பது மற்றொன்று. இரண்டுமே மாணவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்து, பிறகு பிடுங்கி எறிய முடியாமல் நின்றுவிடுபவை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மரபணுக்களின் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதனுக்கு ஏறத்தாழ 20,000. மண்ணில் வாழும், 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவுக்கும் ஏறத்தாழ அதே 20,000. பழ ஈக்கு 14,000 அளவில். உறுப்புக்கு ஒரு மரபணு என்ற கணக்கு இங்கேயே உடைந்துபோகிறது. அதே புளி, அதே பருப்பு, அதே மிளகாய்தான். எதை எப்போது, எவ்வளவு போடுகிறோம் என்பதில் சாம்பாரும் ரசமும் பிரிகின்றன. ஒரு மரபணு கருவில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பது மாறினால் உடம்பின் வடிவம் மாறுகிறது. கருவளர்ச்சியையும் பரிணாமத்தையும் சேர்த்துப் படிக்கும் துறை, சுருக்கமாக எவோ-டெவோ, கடந்த 40 ஆண்டுகளாகச் சோதனை செய்து காட்டிவருவது இதைத்தான்.

கோழிக் காலையும் வாத்துக் காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோழிக்கு விரல்கள் தனித்தனி. வாத்துக்கு முன்விரல்களுக்கு நடுவே ஜவ்வு. கருவில் ஒரு கட்டம் வரை இந்த வேறுபாடே கிடையாது. இரண்டிலும் பாதம் முதலில் துடுப்பு மாதிரி தட்டையான சதையாக வருகிறது. அதற்குள் விரல்களுக்கான குருத்தெலும்புகள் கம்பி கம்பியாக உருவாகின்றன. கம்பிகளுக்கு இடையே உள்ள சதை அப்போது கோழிக்கும் உண்டு. 7, 8ஆம் நாள் வாக்கில் கோழியின் இடைச்சதையில் உள்ள செல்கள் தாமாகவே மடிகின்றன. சதை கரைந்து விரல்கள் பிரிகின்றன. செல்களை மடியச் சொல்லும் சமிக்ஞை பி.எம்.பி. என்ற புரதக் குடும்பம். வாத்தின் இடைச்சதையிலும் அதே பி.எம்.பி. இருக்கிறது. ஆனால் அங்கே கூடவே கிரெம்லின் என்ற புரதமும் சுரந்து, பி.எம்.பி.யைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. மடியச் சொல்லும் செய்தி செல்லுக்குப் போய்ச் சேருவதில்லை. ஜவ்வு தங்கிவிடுகிறது.

கவனிக்க வேண்டியது, கிரெம்லின் மரபணு கோழிக்கும் உண்டு. கால் வளரத் தொடங்கும்போது வேறு ஒரு வேலைக்கு அது பயன்படவும் செய்கிறது. விரல் இடைச்சதையில் மட்டும் அது விழிப்பதில்லை. ஆய்வாளர்கள் கோழிக்கருவின் பாதத்தில், விரல்களுக்கு நடுவே, கிரெம்லினைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த இடத்தில் சதை மடியவில்லை. கோழிக் காலில் ஜவ்வு நின்றது. வாத்திடமிருந்து எதுவும் கடன் வாங்கப்படவில்லை. கோழியிடம் ஏற்கெனவே இருந்ததை, அது வழக்கமாக இல்லாத இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். வௌவாலைப் பாருங்கள்: கையில் விரல்களுக்கு நடுவே இறக்கையாக விரியும் ஜவ்வு, காலில் விரல்கள் தனித்தனி. ஒரே விலங்கு, ஒரே மரபணுத் தொகுப்பு. அதன் கையின் இடைச்சதையிலும் கிரெம்லின் வேலை செய்கிறது; உடன் எஃப்.ஜி.எஃப்.8 என்ற வளர்ச்சிப் புரதமும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு மரபணு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எப்படி விழிக்கிறது? மரபணுவுக்கு வெளியே, சில நேரம் வெகு தொலைவில், சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டி.என்.ஏ. துண்டுகள் இருக்கின்றன. ஒரே மரபணுவுக்குப் பல சுவிட்சுகள்: மூளைக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, கைகாலுக்கு ஒன்று. இதை நன்றாகக் காட்டுவது சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு. கருவில் கைகாலாக வளரப்போகும் சிறு மேடான கைகால் மொட்டின் பின் ஓரத்தில், அதாவது நம் கையில் சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில், இது விழித்து, எத்தனை விரல், எது எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்கிறது. அதன் கைகால் சுவிட்சின் பெயர் இசட்.ஆர்.எஸ். நீளம் சுமார் 800 எழுத்து (டி.என்.ஏ. சரத்தின் அடிப்படை அலகைத்தான் எழுத்து என்கிறோம்). மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்து தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், மரபணு மொட்டின் முன் ஓரத்திலும் விழித்துக்கொள்ளலாம்; கட்டைவிரல் பக்கம் ஒரு விரல் கூடுதலாக முளைக்கும். மனிதர்களில் இரட்டைக் கட்டைவிரல் வரும் சில குடும்பங்களிலும், ஆறு விரல் பூனைகளிலும் கண்டறியப்பட்டது இதுதான். நம்மூரில் அழகுக்காக வளர்க்கும் சில்க்கி கோழியின் காலை எண்ணிப் பாருங்கள், மற்றக் கோழிக்கு 4 விரல் என்றால் அதற்கு 5. அங்கேயும் மாறியிருப்பது இசட்.ஆர்.எஸ்.ஸில் ஓர் எழுத்து.

மரபணுவையே முழுதாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எலியில் பார்த்திருக்கிறார்கள். மூளை இரண்டாகப் பிரியாமல், முகத்தின் நடுப்பகுதியே உருவாகாமல், குட்டி உயிர் தரிப்பதில்லை. இசட்.ஆர்.எஸ். சுவிட்சை மட்டும் எடுத்தால் மூளை சரி, முகம் சரி, முதுகுத்தண்டு சரி. கைகால் மட்டும் குட்டையாகி விரல்கள் இல்லாமல் போகின்றன. பரிணாமம் ஏன் பெரும்பாலும் சுவிட்சுகளின் வழியாக நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. பத்து இடத்தில் வேலை பார்க்கும் மரபணுவைக் கெடுத்தால் பத்தும் கெடும். ஒரு சுவிட்சு கெட்டால் கெடுவது ஓரிடம்.

பாம்புக்குக் கால் போன கதையும் இங்கேதான் இருக்கிறது. மலைப்பாம்பின் கழிவுத் துளைக்கு இருபுறமும் நகம் போல இரண்டு முட்கள் துருத்தி நிற்கும். ஆணுக்குக் கொஞ்சம் பெரிது. அவை பின்னங்கால்களின் எச்சம். 2016இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்குழு எலியின் இசட்.ஆர்.எஸ். துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெவ்வேறு விலங்குகளின் அதே துண்டை வைத்தது. மனிதனுடையதை வைத்தபோது எலிக்கு ஒழுங்கான கைகால். மலைப்பாம்பினுடையதையும் நாகப்பாம்பினுடையதையும் வைத்தபோது கைகால் குட்டையாகச் சூம்பிப் போயின. மலைப்பாம்பின் துண்டில் 17 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அவற்றைத் திரும்பச் சேர்த்து வைத்ததும் எலிக்குக் கைகால் ஒழுங்காக வளர்ந்தன.

பாம்பின் நீளத்துக்குக் காரணம் வேறு. முதுகெலும்புள்ள எல்லாக் கருவிலும் நரம்புக் குழாயின் இருபுறமும் சோமைட் எனும் சிறு கட்டிகள் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக ஒவ்வொரு இணையாகத் தோன்றும். முள்ளெலும்புகள் இவற்றிலிருந்துதான் வருகின்றன. கோழிக்கருவில் 90 நிமிடத்துக்கு ஓர் இணை, எலியில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஓர் இணை. கடிகாரம் அடிப்பது போல. சோளப்பாம்பு எனும் அமெரிக்கப் பாம்பில், உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கடிகாரம் மிக விரைவாக அடிக்கிறது. அதனால் சோமைட்டுகள் சிறிதாகவும் ஏராளமாகவும் வெட்டப்படுகின்றன: எலிக்கு 65 அளவில், கோழிக்கு 55 அளவில், அந்தப் பாம்புக்கு 315 அளவில். கடிகாரத்தின் உறுப்புகள் எல்லாவற்றிலும் ஒரே வகைதான், மாறியது வேகம்.

ஆய்வகத்தில் செய்ததை இயற்கை செய்ததா என்று கேட்பவர்களுக்கு மூன்றுமுள் மீனைக் காட்ட வேண்டும். வடகோளத்துக் கடல்களில் வாழும் விரல்நீள மீன் இது. வயிற்றுப்புறம், இடுப்பில், இரண்டு கூரிய முட்கள். நம் பின்னங்காலுக்கு இணையான உறுப்பு. கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கிய பின், கடந்த 12,000 ஆண்டுகளுக்குள், கனடாவிலும் அலாஸ்காவிலும் புதிதாக உண்டான நன்னீர் ஏரிகளில் இந்த மீன்கள் குடியேறின. அவற்றில் பல ஏரிகளில் இடுப்பு முள் மறைந்துவிட்டது. காரணமான மரபணு பிட்எக்ஸ்1. முள்ளுள்ள மீனிலும் முள்ளற்ற மீனிலும் அந்த மரபணு செய்யும் புரதத்தில் ஓர் எழுத்து வித்தியாசம்கூட இல்லை என்பதே முதலில் எல்லோரையும் குழப்பியது. தாடை முதலிய மற்ற இடங்களில் அது வழக்கம்போல வேலை செய்கிறது. இடுப்பில் மட்டும் மௌனம். 2010இல் காரணம் கிடைத்தது. இடுப்புக்கான சுவிட்சு டி.என்.ஏ.விலிருந்தே விழுந்துபோயிருந்தது, அதுவும் வெவ்வேறு ஏரிகளில் வெவ்வேறு நீளத்தில். அதாவது ஓரிடத்தில் நடந்து பரவியதல்ல. தனித்தனியாகப் பலமுறை நடந்தது. கடல்மீனின் சுவிட்சோடு சேர்த்து பிட்எக்ஸ்1-ஐ முள்ளற்ற மீனின் முட்டையில் செலுத்தியபோது, அந்த மீனுக்கு இடுப்பு முள் திரும்ப முளைத்தது.

இந்த மீன்களில் ஒரு சின்ன அடையாளம் உண்டு. முள் முழுதாகப் போகாமல் எச்சம் மிஞ்சியவற்றில், இடப்பக்க எச்சம் வலப்பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். பிட்எக்ஸ்1-இன் உடன்பிறப்பான பிட்எக்ஸ்2 உடம்பின் இடப்பக்கத்தில் மட்டும் வேலை செய்து, இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டுவதே காரணம். பின்னங்கால் இழந்த கடற்பசு இனமான மானட்டீயின் இடுப்பெலும்பு எச்சத்திலும் இதே இடச்சாய்வு தென்படுகிறது.

மரபணுக்கள் எவ்வளவு பழையவை என்பதற்கு 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த சோதனை போதும். கண் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் பாக்ஸ்6 மரபணுவை ஈயின் காலிலும் உணர்கொம்பிலும் விழிக்க வைத்தார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது. பிறகு எலியின் பாக்ஸ்6-ஐ எடுத்து ஈயில் அதே போலச் செய்தார்கள். அப்போதும் கண் முளைத்தது, ஆனால் எலியின் கண் அல்ல. நூற்றுக்கணக்கான சிறு முகப்புகள் கொண்ட ஈயின் கூட்டுக்கண். எலியும் ஈயும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. "இங்கே கண்ணைக் கட்டு" என்ற ஆணை இன்னும் இரண்டுக்கும் புரிகிறது. எந்தக் கண் என்பதைக் கட்டும் செல்களே தீர்மானிக்கின்றன. உடம்பின் முன்பின் வரிசையை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களும் இப்படித்தான்: பழ ஈயில் 8, மனிதனில் 39. எலிக்குக் கழுத்தெலும்பு 7, கோழிக்கு 14, பெருவாத்துக்கு 17. எண்ணிக்கை எதுவானாலும், கழுத்து முடிந்து விலா தொடங்கும் இடத்தில்தான் அவற்றில் ஒன்றான ஹாக்ஸ்-சி6 விழிக்கிறது.

எல்லாமே சுவிட்சுதான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பிழை. மேலே சொன்ன 8 என்பது 39 ஆனதே முதுகெலும்பிகளின் முன்னோரில் மரபணுக்கள் படியெடுக்கப்பட்டுப் பெருகியதால். புரதமே மாறியதற்கும் நல்ல சான்று இருக்கிறது. பூச்சிகளுக்கு 6 கால். இறால் வகையறாக்களுக்கு வயிற்றுப் பகுதியிலும் கால்கள். பூச்சியின் அல்ட்ராபைதோராக்ஸ் என்ற ஹாக்ஸ் புரதத்தின் வால்பகுதியில் வந்த மாற்றம், வயிற்றில் கால் முளைப்பதை அடக்கும் ஆற்றலை அதற்குத் தந்தது. உவர்நீர்ச் சிற்றிறாலான ஆர்ட்டீமியாவின் அதே புரதத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. இரண்டு வழிகளில் எதற்குப் பங்கு அதிகம் என்று ஆய்வாளர்களிடையே வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உடல் வடிவத்தைப் பொறுத்தவரை சுவிட்சுகளின் பங்கு பெரிது என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது பிழைக்கு வருகிறோம். கரு தன் முன்னோரின் வளர்ந்த வடிவங்களை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுகிறது என்றவர் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1866இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1828இல், கருவியல் அறிஞர் கார்ல் வான் பேயர் சரியாகச் சொல்லிவிட்டார்: ஒரு விலங்கின் கரு இன்னொரு விலங்கின் கருவைப் போலத் தோன்றுமே தவிர, அதன் வளர்ந்த உருவைப் போல ஆவதில்லை. மனிதக் கருவின் கழுத்தில் தெரியும் மடிப்புகள் செவுள் அல்ல. அவற்றின் வழியே அது ஒரு நொடியும் மூச்சு விடுவதில்லை. மீனில் அந்த வளைவுகளிலிருந்து செவுளும் தாடையும் வருகின்றன. நம்மிடம் தாடையும், நடுச்செவியின் சிற்றெலும்புகளும், தைமஸ் சுரப்பியும் வருகின்றன. தொடக்கம் பொது, முடிவு வேறு. ஹெக்கலின் வாசகத்தை மனப்பாடம் செய்த தலைமுறைகள் நம்மிடையே நிறைய. அதைத் திருத்த நாளிதழால் முடியும்.

இதைப் பள்ளியிலேயே கண்ணால் காண வழி உண்டு. முட்டையில் சன்னல் வெட்டிக் கருவைப் பார்ப்பது. செலவு குறைவு; ஆனால் முதல்முறை செய்யும் பள்ளிகளில் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

முதல் தவறு முட்டையிலேயே. கடையில் கிடைக்கும் நாமக்கல் பண்ணை முட்டையில் கருவே கிடையாது. அங்கே சேவல் இல்லை. 21 நாள் அடை வைத்தாலும் மஞ்சள்கருதான் மிஞ்சும். சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டையோ குஞ்சுப் பொரிப்பகத்து முட்டையோ வேண்டும். இட்டு 7 நாளுக்கு உட்பட்டது, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதது. முட்டையைப் படுக்கை வசத்தில் வைத்து, மேற்பக்கத்தில் பென்சிலால் குறியிடுங்கள். பேனா மை ஓட்டின் துளைகள் வழியே உள்ளே இறங்கும். வெப்பம் 37.5 முதல் 38 டிகிரி; ஈரத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர். வெப்பம் 36க்கு இறங்கினால் கரு பின்தங்கிவிடும், 72 மணி என்று குறித்திருப்பதில் 60 மணி நிலைதான் தெரியும். 40க்கு ஏறினால் கரு ஊனமாகும் அல்லது சாகும். குஞ்சு பொரிக்க வைத்தால் முட்டையைத் திருப்பிவிட வேண்டும். சன்னல் வெட்டுவதானால் இந்த 3 நாளும் திருப்பக் கூடாது. அப்போதுதான் கரு மிதந்து, பென்சில் குறிக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

72 மணி ஆனதும் ஓட்டை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். அகன்ற முனையில் சிறு துளை போட்டு, ஊசியைக் கீழ்நோக்கிச் செலுத்தி 2 முதல் 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். வெள்ளைக்கருவை எடுத்தால்தான் கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். எடுக்காமல் வெட்டினால் கத்தரி கருவின் இரத்தக்குழாய்களைக் கிழித்துவிடும். ஊசியில் மஞ்சள் ஏறினால் மஞ்சள்கருப் பை ஓட்டையாகிவிட்டது என்று பொருள், அந்த முட்டை பயன்படாது. துளையை மூடி, மேற்பக்கம் ஒட்டுநாடா ஒட்டி, அதன் மேலேயே 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். நாடா இல்லாவிட்டால் ஓட்டுத் துகள் கருமேல் விழும். கத்தரியின் நுனி ஓட்டை ஒட்டியே போக வேண்டும்.

உள்ளே சிவந்த புள்ளியாய் இதயம் துடிக்கும். அதைச் சுற்றி வலைபோல் இரத்தக்குழாய்கள். 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்சில் பார்த்தால் முதுகின் இருபுறமும் சோமைட்டுகள் மணிகளாய் வரிசை கட்டியிருப்பதும், இறக்கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என நான்கு சிறு மேடுகளும் தெரியும். கருவின் நிறம் மஞ்சள்கருவோடு ஒன்றிப்போனால் குழம்ப வேண்டாம், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மேடுகள் நிழல் விழுந்து தனித்துத் தெரியும். பக்கத்திலேயே கருக்கொண்ட வாத்து முட்டை ஒன்றையும் வையுங்கள். வாத்து பொரிய 28 நாள் ஆவதால் அதே நிலைக்கு வர ஒரு நாள் வரை கூடுதலாகும். வந்ததும் இரண்டையும் பாருங்கள். எது கோழி, எது வாத்து என்று மாணவர்களால் எளிதில் சொல்ல முடியாது. 5ஆம் நாளைத் தாண்ட விடாமல், முட்டைகளை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் புதைத்துவிடுங்கள்.

விரல் பிரியும் கட்டத்துக்குப் பள்ளியில் படங்களே போதும். கோழிப் பாதம், வாத்துப் பாதம், வௌவாலின் கை ஆகிய மூன்றின் கருநிலைப் படங்களையும் அடுத்தடுத்து அச்சிட்டுத் தங்கள் மாணவர் பக்கத்தில் ஒருமுறை வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். அதோடு, "காலுக்கான மரபணு", "கண்ணுக்கான மரபணு" என்று தலைப்பிடும் இடங்களில், அந்த மரபணு வேறு எங்கெல்லாம் வேலை செய்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் இருவர்,
தஞ்சாவூர்.